உழைச்செல்வாள்

திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரத்தின் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கிறது: நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிலிருந்து கவனிப்பவர். நான்காவது ஆளுக்கு வள்ளுவர் தரும் பெயர் உழைச்செல்வான். ‘உழை’ என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்திலிருந்து செய்ய வேண்டியதைச் செய்பவன் என்று பொருள். பரிமேலழகர் இந்த நான்கையும் மறுபடி நான்கு நான்காகப் பிரித்துப் பதினாறாக்குகிறார். உழைச்செல்வானிடம் அவர் எதிர்பார்ப்பவை: நோயாளியிடம் அன்பு, மனம் மொழி மெய் மூன்றிலும் தூய்மை, சொன்னதைச் சொன்னபடி செய்யும் வல்லமை, அறிவு.

15 ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் இந்த அதிகாரத்தை நடத்திவருகிறேன். மாணவிகளை இரண்டு விஷயங்களைக் கவனிக்கச் சொல்வேன். ஒன்று, அந்தப் பட்டியலில் அன்பு கால்பங்குதான். மீதி முக்கால் பங்கு பயிற்சியாலும் ஒழுங்காலும் வருவது. மற்றொன்று, சொல்லின் விகுதி ஆண்பால். இதைச் சொன்னதும் ஒரு வருடம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி, “எங்க வீட்ல எல்லாம் உழைச்செல்வாள்தான் மேடம்” என்றாள். வகுப்பே சிரித்தது. இலக்கணப் பிழை ஏதும் இல்லாத திருத்தம் அது.

அவள் சொன்ன அந்த உழைச்செல்வாளைப் பற்றித்தான் எழுதுகிறேன். மருத்துவத்தின் நான்காவது கூறு தவறிப்போனால் அதற்கு யார் பதில் சொல்வது? கட்டிலுக்கு மிக அருகில் நிற்பவள்தான் என்பது உலக வழக்கமாக இருக்கிறது. அந்த வழக்கம் நியாயமா என்பதே என் கேள்வி.

என் அத்தை, அப்பாவின் மூத்த அக்கா, 2019 ஆடி மாதத்தில் கொல்லைப் படியில் வழுக்கி விழுந்தார். வயது 79. இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. மாவட்டத் தலைநகரில் 80 படுக்கை உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். அறுவைசிகிச்சை நன்றாகவே நடந்தது. எக்ஸ்ரேயைத் தூக்கிப்பிடித்து மருத்துவர் மகிழ்ச்சியோடு விளக்கினார். அத்தை அங்கே இருந்தது 11 நாட்கள். பகலில் அண்ணி, இரவில் நான். பெண்கள் வார்டு என்பதால் பெண் அட்டெண்டருக்குத்தான் பாஸ்.

நான்காம் நாள் இரவு அத்தை பெட்பேன் கேட்டார். இடுப்பில் தையல் இருப்பதால் தூக்கிவைக்க இரண்டு பேர் வேண்டும், நீங்களாகத் தூக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு. மணியை அழுத்தினேன். நர்ஸ் வந்தபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. “டயபர் போட்டிருக்கோம்ல பாட்டி, அதுலயே போயிருங்க” என்றார். ஆயுள் முழுக்கத் தன் உடம்பைத் தானே பார்த்துக்கொண்ட மனுஷி. “நான் ஒண்ணும் பச்சப்புள்ள இல்லத்தா” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன்பிறகு ராத்திரியில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்.

ஆறாம் நாள் முதுகுக்குக் கீழே, வால் எலும்பு இருக்கும் இடத்தில் ஒரு சிவப்பு. விரலால் அழுத்தினால் வெளுக்க வேண்டும், வெளுக்கவில்லை. ஒன்பதாம் நாள் தோல் உரிந்து புண்ணாகிவிட்டது. அன்று ஈரத்துணி மாற்ற வந்த வேறொரு நர்ஸ், ஆயாவைப் பார்த்து, “இந்த நாத்தத்துல யாரு நிப்பா” என்றார். அத்தையின் தலைக்கு மேலே நின்றுகொண்டு சொன்னார். டிஸ்சார்ஜ் சீட்டில் ‘நல்ல நிலையில் அனுப்பப்பட்டார்’ என்று எழுதியிருந்தது. எலும்பு கூடிவிட்டது. புண் ஆற ஐந்து மாதம் பிடித்தது.

படுக்கைப்புண் எப்படி வருகிறது என்பதில் மர்மம் ஏதுமில்லை. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சதை நசுங்குகிறது, அங்கே ரத்தம் ஓடுவது நின்றுபோகிறது, ஈரம் தோலை ஊறவைக்கிறது. தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும், தோலை உலர்வாக வைக்க வேண்டும், நன்றாகச் சாப்பிடவைக்க வேண்டும். பெரும்பாலான படுக்கைப்புண்களை இதனால் தடுத்துவிடலாம். விலையுயர்ந்த மருந்தோ இயந்திரமோ தேவையில்லை. ஆள் வேண்டும், நேரம் வேண்டும்.

அண்ணன் தினமும் மாலை ஆறு மணிக்கு வருவான். கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டே, “பணம் எவ்வளவு ஆனாலும் பரவாயில்ல, நல்லாப் பாத்துக்கச் சொல்லு” என்பான். பாசமில்லாதவன் இல்லை. அத்தை வளர்த்த பிள்ளை. கடையை அடகு வைக்கவும் தயாராக இருந்தான். ஆனால் அந்தச் ‘சொல்லு’ எங்கே போகிறது என்று நான் கவனித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் அண்ணியிடம் சொல்கிறான். அண்ணி நர்ஸிடம் சொல்கிறாள். நர்ஸ் ஆயாவிடம் சொல்கிறார். ரவுண்ட்ஸ் வரும் மருத்துவரும் “பேக் கேர் பாத்துக்கங்க சிஸ்டர்” என்று போகிறபோக்கில் சொல்கிறார். சொல்லிக்கொண்டே போய், கடைசியில் சொல்வதற்கு ஆளில்லாத ஒரு பெண்ணிடம் வந்து அது நிற்கிறது. அவள் செய்ய வேண்டும்.

அமெரிக்க அரசியல் சிந்தனையாளர் ஜோன் ட்ரோன்டோ 1993இல் வெளியிட்ட தன் நூலில் பராமரிப்பை நான்கு கட்டங்களாகப் பார்க்கிறார். அக்கறைப்படுவது, பொறுப்பேற்று ஏற்பாடு செய்வது, கையால் செய்வது, பராமரிப்பைப் பெறுவது. முதல் இரண்டும் மேலே இருப்பவர்களுக்கு, பின்னிரண்டும் கீழே இருப்பவர்களுக்கு என்று சமூகம் பங்கு பிரித்து வைத்திருப்பதை அவர் சுட்டிக்காட்டுகிறார். எங்கள் வார்டில் இதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. அக்கறைக்கும் ஏற்பாட்டுக்கும் நின்றுகொண்டிருக்கும் ஆண்கள். செய்வதற்குக் குனிந்திருக்கும் பெண்கள். குனிபவர்களுக்குள்ளும் படிநிலை உண்டு. ஊசியும் மாத்திரையும் நர்ஸின் கை. மலமும் மூத்திரமும் ஆயாவின் கை. கழிவைத் தொடும் கை எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்பதை நம் ஊரில் யாரும் விளக்கத் தேவையில்லை. அந்த வார்டின் ஆயா ஒப்பந்தக்காரரிடம் சம்பளம் வாங்குபவர். துணி மாற்ற ஒவ்வொரு முறையும் 50 ரூபாய் கேட்டார். உறவினர்கள் அதை லஞ்சம் என்றார்கள். “கூட்டித் தொடைக்கத்தான் சம்பளம், இதுக்கு எங்கிட்டுச் சம்பளம்?” என்றார் அவர்.

அட்டெண்டர் என்று ஒரு பதவி இருக்கிறதே, அதையும் பார்க்க வேண்டும். ஊட்டுவது, துடைப்பது, மருந்துச் சீட்டோடு கீழ்த்தளத்துக்கு ஓடுவது, ட்ரிப்ஸ் தீரப்போகிறது என்று கவனித்துச் சொல்வது, ராத்திரி தரையில் பாய் விரித்து ஒரு கண்ணைத் திறந்தபடி தூங்குவது. ஒரு நோயாளிக்கு ஓர் அட்டெண்டர் கட்டாயம் என்று சுவரில் எழுதியிருப்பார்கள். அண்ணி வீட்டிலேயே தையல் கடை வைத்திருப்பவள். ஆடி முடிந்து முகூர்த்தங்கள் தொடங்கும் நேரம். அந்த 11 நாட்களில் வந்த ரவிக்கைகளையெல்லாம் திருப்பி அனுப்பினாள். அவள் இழந்த கூலி எந்தப் பில்லிலும் இல்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த பாட்டிக்கு ஒரே மகன், பஸ் கண்டக்டர். உள்ளே வர அவருக்கு அனுமதி கிடையாது. அந்தப் பாட்டியை நாங்கள் நாலைந்து அட்டெண்டர்கள் முறைவைத்துப் பார்த்துக்கொண்டோம். இதை மனிதநேயம் என்று பாராட்டலாம். நாங்கள் இல்லாவிட்டால் அந்த வார்டு ஒரு ராத்திரிகூட ஓடாது என்றும் சொல்லலாம். மருத்துவமனை தன் செவிலியர் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும்போது எங்களையும் சேர்த்தே கணக்குப் போட்டிருக்கிறது, சம்பளம் மட்டும் போடவில்லை.

இவ்வளவையும் சொன்ன பிறகு அந்த நர்ஸ்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை என்று எழுதினால் அது பொய். கோபம் இருந்தது, இருக்கிறது. பெண்ணியவாதி என்பதால் இன்னொரு பெண்ணின் தவறைப் பார்க்கக் கூடாது என்று ஏதும் இல்லை. “எல்லாம் அமைப்பின் குற்றம்” என்று சொல்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. அமைப்புக்கு முகம் கிடையாது, அது யாரிடமும் மன்னிப்புக் கேட்காது. படுத்திருந்தவருக்கோ முகம் உண்டு, பெயர் உண்டு, வலி உண்டு. அத்தைக்கு ஓர் அநியாயம் நடந்தது. அதைக் கரைத்துவிட எனக்கு உரிமையில்லை.

அதனால் அந்த 11 நாட்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கிறேன். முதலில் நேரம். இரவு டூட்டியில் 22 படுக்கைக்கு ஒரு நர்ஸ், ஓர் ஆயா. தானாகப் புரள முடியாதவர்கள் அந்த வார்டில் ஐந்து பேர். ஒருவரை ஒழுங்காகப் புரட்டி, துடைத்து, விரிப்பைச் சரிசெய்ய இரண்டு பேருக்குப் பத்து நிமிடம் ஆகும். ஐந்து பேருக்கு 50 நிமிடம். ஒவ்வொரு இரண்டு மணி நேரத்திலும் 50 நிமிடம் இதற்கே போனால், மிஞ்சுவது 70 நிமிடம். அதற்குள் 22 பேரின் ஊசி, ட்ரிப்ஸ், ரத்த அழுத்தம், புதிதாகச் சேர்பவர்கள், கேஸ் ஷீட் எழுதுவது எல்லாம். இது அந்தப் பெண்ணால் முடியாத காரியம். எவராலும் முடியாத காரியம். முடியாததைச் செய்யவில்லை என்று ஒருவரைக் குற்றம் சொல்வது அறமாகாது.

அடுத்தது அந்தச் சொல். “இந்த நாத்தத்துல யாரு நிப்பா.” இதை எந்தக் கணக்கிலும் என்னால் சேர்க்க முடியவில்லை. அதைச் சொல்லாமல் இருப்பதற்குக் கூடுதல் ஆளோ கூடுதல் நேரமோ தேவைப்பட்டிருக்காது. களைப்பு அதை விளங்கவைக்கலாம், சரியாக்காது. அத்தைக்கும் இது தெரிந்திருந்தது. புண்ணைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. “காது நல்லாத்தான் கேக்குதுன்னு அந்தப் புள்ளகிட்டச் சொல்லு” என்றார். நேரத்துக்கு நிர்வாகம் பதில் சொல்ல வேண்டும். அந்தச் சொல்லுக்குச் சொன்னவர் பதில் சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் கலந்துவிடும்போதுதான் ஒன்று நர்ஸ்களை ராட்சசிகளாக்குகிறோம், இல்லை நோயாளியின் வாயை அடைக்கிறோம்.

மூன்றாவதாக ஒரு டிக். நோயாளி கேட்டால் மருத்துவப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை. எழுதிக் கேட்டு வாங்கினேன். அதில் இரண்டு மணிக்கொரு தரம் நோயாளியைப் புரட்டியதாக ஒவ்வொரு இரவும் வரிசையாக டிக் போட்டிருந்தது. பத்து மணி, பன்னிரண்டு, இரண்டு, நான்கு. எல்லாம் ஒரே மை, ஒரே சாய்வு. அந்த நேரங்களில் நான் அதே அறையில் விழித்திருந்தேன். யாரும் வரவில்லை.

இந்த டிக்கைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். பொய்யென்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். யாருக்கு லாபமான பொய் என்று கேட்டால் கதை வேறாகிறது. காலியாக விட்டால் மேற்பார்வையாளர் அந்தப் பெண்ணைத்தான் திட்டுவார். டிக் போட்டுவிட்டால் அன்றைய திட்டு மிச்சம். ஆனால் அந்த டிக்குகளை மேலே உட்கார்ந்து பார்ப்பவருக்கு என்ன தெரியும்? 22 படுக்கைக்கு ஒரு நர்ஸ் போதும், வேலையெல்லாம் நடக்கிறது, இன்னொருவரை நியமிக்கத் தேவையில்லை என்று தெரியும். அந்தப் பொய் செவிலியை ஓர் இரவுக்குக் காப்பாற்றியது. ஆள் பற்றாக்குறையை வருடக்கணக்கில் காப்பாற்றியது.

அத்தையிடம் இதைச் சொன்னேன். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, கணவரை இழந்திருந்த அவருக்கு எங்கள் ஊர்ப் பள்ளியில் அமைப்பாளர் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை பிள்ளைகளுக்குத் தலைக்கு இத்தனை கிராம் அரிசி என்று தராசில் நிறுத்துப் போட்டவர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “வராத புள்ளைக்கும் வந்ததா டிக் போடச் சொல்லுவாக. நானும் போட்ருக்கேன். போடலன்னா வேல போயிரும். டிக் போட்டவள மட்டும் கேக்காத. போட வச்சவனயும் கேளு.”

‘மட்டும்’ என்ற அந்தச் சொல் எனக்கு முக்கியமாகப் பட்டது. கேட்காதே என்று அவர் சொல்லவில்லை.

போடவைத்தவர்களின் கணக்கு பில்லில் இருந்தது. ‘நர்சிங் சார்ஜ்’ என்று தனியாக ஒரு வரி, நாளொன்றுக்கு 600 ரூபாய். 22 படுக்கையும் நிரம்பியிருந்தால் மாதத்துக்கு 3,96,000 ரூபாய். பாதி காலியாகக் கிடந்தாலும் 1,98,000. அந்த வார்டில் மூன்று ஷிப்டுக்கும் சேர்த்து ஐந்து நர்ஸ்கள். ஒருவருக்கு 9,000 ரூபாய் சம்பளம் என்று அவர்களில் ஒருவரே சொன்னார். ஐந்து பேருக்கும் சேர்த்து 45,000. செவிலிப் பணிக்கென்று எங்களிடம் வாங்கிய பணத்தில் செவிலிக்குப் போனது எவ்வளவு என்பதை மாணவிகள் தாங்களே வகுத்துப் பார்க்கலாம்.

இது ஒரு மருத்துவமனையின் கதை மட்டும் இல்லை. 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியத்தை ஆராய ஒரு குழுவை அமைக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. குழு தந்த பரிந்துரை தெளிவானது. 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம். 100க்கு மேல் என்றால் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50க்கும் கீழே என்றால் குறைந்தது 20,000 ரூபாய். மூன்று ஆண்டு கழித்து 80 படுக்கை மருத்துவமனையில் 9,000 ரூபாய்.

அரசும் பெரிதாக மார்தட்டிக்கொள்ள முடியாது. 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வெழுதி வந்த செவிலியர்களைத் தமிழக அரசு எடுத்தது மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற பேச்சு காற்றோடு போனதும், 2017 நவம்பரில் அவர்கள் சென்னை தேனாம்பேட்டையில் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள். நோயாளிகளைத் தவிக்கவிட்டுப் போராடலாமா, இது சேவை அல்லவா என்று அப்போதும் கேட்டவர்கள் உண்டு. தொகுப்பூதியம், மதிப்பூதியம், ஊக்கத்தொகை. சத்துணவு அமைப்பாளருக்கும் அங்கன்வாடிப் பணியாளருக்கும் செவிலிக்கும் கொடுப்பதற்கு நம்மிடம் எத்தனை பெயர்கள். சம்பளம் என்ற சொல்லைத் தவிர்ப்பதற்கே உண்டாக்கிய பெயர்கள்.

‘சேவை’ என்ற அந்தப் பேச்சின் வேர் நம் மொழியிலும் இருக்கிறது. செவிலி, சங்க இலக்கியத்தின் வளர்ப்புத் தாய். பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. அகப்பாடல்களில் அவளுக்குப் பேச இடமுண்டு. மகள் காதலனோடு போய்விட்டபின் பாலை வழியை எண்ணிப் புலம்புவாள். மணமான மகளின் வீட்டுக்குப் போய்வந்து அங்கே கண்ட மகிழ்ச்சியை நற்றாயிடம் சொல்வாள். அவள் பேச்செல்லாம் இன்னொருத்தியைப் பற்றியது. தோழியைச் செவிலியின் மகள் என்று தொல்காப்பியம் சொல்கிறது. பெரிய வீட்டுப் பெண்ணைத் தாய் வளர்க்கிறாள், அந்தப் பெண்ணுக்கே மகள் துணையாக இருக்கிறாள். தலைமுறை தலைமுறையாக அதே பணி. நவீனத் தமிழ் நர்ஸ் என்பதற்கு ஒரு சொல் தேடியபோது இதைத்தான் எடுத்துக்கொண்டது. அழகான சொல், நானும் பிரியத்தோடு பயன்படுத்துகிறேன். ஆனால் அந்தச் சொல்லோடு தாயும் வார்டுக்குள் வந்துவிடுகிறாள். தாயிடம் யாரும் டூட்டி நேரம் கேட்பதில்லை. தாய்க்கு எத்தனை பிள்ளை என்றாலும் முடியும். அவள் கவனிக்காமல் விட்டால் அதற்கு ஆள் குறைவு காரணமாக இருக்க முடியாது, அவள் மனம்தான் கெட்டுப்போயிருக்க வேண்டும். தாய்மை என்று புகழ்கிற அதே வாய்தான் அரக்கி என்று ஏசுவதும்.

இதற்கு எதிர்ச்சான்றாக எல்லோரும் சொல்லும் பெயர் அருணா ஷான்பாக். மும்பை கே.ஈ.எம். மருத்துவமனையின் செவிலி. 1973 நவம்பர் 27 அன்று பணியிடத்திலேயே ஒரு வார்டு ஊழியரால் கொடூரமாகத் தாக்கப்பட்டு நினைவிழந்தவர். 2015 மே 18 அன்று இறக்கும்வரை 42 ஆண்டுகள் அதே மருத்துவமனையில் கிடந்தார். தலைமுறை மாறி மாறி அங்குள்ள செவிலியர் அவரைப் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவு காலம் படுக்கையில் இருந்தவருக்குப் படுக்கைப்புண் வராமல் காத்தார்கள் என்பது நாடறிந்த செய்தி. 2011இல் அவர் சார்பில் முடிவெடுக்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வி வந்தபோது, உச்ச நீதிமன்றம் அந்த மருத்துவமனைப் பணியாளர்களையே அவருக்கு நெருங்கியவர்களாக ஏற்றது.

மனமிருந்தால் முடியும் என்பதற்கு இது சாட்சி என்பார்கள். அன்பு இருந்ததில் எனக்குச் சந்தேகமில்லை. அவர்களில் ஒருத்தியாக இருந்தவர் அவர். ஆனால் வெறும் அன்பு ஒரு உடம்பை 42 ஆண்டுகள் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிவிடாது. ஒரு கட்டில் அவருக்கென்று நிலையாக ஒதுக்கப்பட்டிருந்தது. ஒரு ஷிப்டு முடிந்தால் அடுத்த ஷிப்டு வந்தது. ஒருத்தி ஓய்வு பெற்றால் இன்னொருத்தி பொறுப்பேற்றாள். அந்த அன்புக்கு முறையும் ஆளும் இருந்தன. பரிமேலழகரின் மீதி முக்கால் பங்கு அங்கே இருந்ததால்தான் கால்பங்கு அன்பு பயன்பட்டது.

எண்ணுவதும் அளப்பதும் அன்புக்கு விரோதம் என்று நாம் பழகியிருக்கிறோம். அன்பைக் கணக்குப் பார்க்கக் கூடாது என்று பெண்களுக்குத்தான் அதிகம் சொல்லியிருக்கிறார்கள். அத்தை தராசில் நிறுத்தது ஏதோ ஒரு குழந்தை குறைந்துபோகக் கூடாது என்பதற்காக. கவனிப்பை எண்ணாத இடத்தில் யாருக்குக் குறைகிறது என்று பாருங்கள். குரல் எழுப்ப முடியாதவருக்கு, கூட ஆளில்லாதவருக்கு, கிழவிக்கு.

ஒரு மறுப்பு வரும். அரசு மருத்துவமனையில் நிரந்தர வேலையில், நல்ல சம்பளத்தில் இருப்பவர்களும் எரிந்து விழுகிறார்களே, காசு கொடுத்தால் கருணை வந்துவிடுமா? வராது. சம்பளம் கருணைக்கான விலை என்று நான் சொல்லவில்லை. போதிய ஆளும், போதிய கூலியும், கண்காணிப்பும் இருக்கும் இடத்தில், தவறு நடந்தால் அது யாருடைய தவறு என்று நேராகச் சொல்ல முடியும். அப்போது அந்த நர்ஸிடம், “உங்களுக்கு நேரம் இருந்தது, ஏன் செய்யவில்லை?” என்று கேட்கலாம். அவரும் பதில் சொல்லியாக வேண்டும். இன்றைய நிலையில் அந்தக் கேள்வியைக் கேட்கவே வழியில்லை. சோம்பேறியும் களைத்தவரும் ஒன்றுபோலத் தெரிகிறார்கள். ஆள் குறைவு நல்ல செவிலியைக் கசக்கிப் பிழிகிறது, கெட்ட செவிலியை ஒளித்துவைக்கிறது.

மருத்துவமனைக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதினேன். புண்ணின் படங்களையும் கேஸ் ஷீட்டின் நகலையும் வைத்தேன். எந்தத் தனிநபர் மீதும் நடவடிக்கை கோரவில்லை என்று முதல் பத்தியிலேயே எழுதினேன். மூன்று கேள்விகள் கேட்டிருந்தேன். இரவில் அந்த வார்டில் எத்தனை செவிலியர்? நோயாளியைப் புரட்ட இரண்டாவது ஆள் யார்? டிக் சரியா என்று யார் சரிபார்க்கிறார்கள்? இரண்டு வாரம் கழித்து நாலு வரியில் பதில் வந்தது. நடந்ததற்கு வருந்துகிறார்களாம். சம்பந்தப்பட்ட இரவுப் பணிச் செவிலி வேலையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டாராம்.

எண்ணிக்கையைக் கேட்டேன், ஒரு பெண்ணைக் கொடுத்தார்கள். 22 படுக்கைக்கு ஒருவர் என்று தீர்மானித்தவர் அதே நாற்காலியில் இருக்கிறார். நீக்கப்பட்டவரின் இடத்தில் அதே 9,000 ரூபாய்க்கு இன்னொரு 22 வயதுப் பெண் வந்திருப்பாள். நீக்கியது நியாயமில்லை, என் மூன்று கேள்விகளுக்கும் பதில் வரவில்லை என்று மறுபடி எழுதினேன். அதற்குப் பதில் கிடையாது. கட்டிலுக்கு அருகில் நிற்பவளைத் தண்டித்துவிட்டால் புகார் தீர்ந்துவிட்டது என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கை ஏற்காமல் இருப்பதுதான் பெண்களாகிய நாம் செய்யக்கூடிய முதல் காரியம் என்று நினைக்கிறேன். அட்டெண்டர் பாயில் படுத்திருப்பவளும் டூட்டி மேஜையில் கண்ணயர்பவளும் ஒருத்தியை ஒருத்தி முறைத்துக்கொண்டிருக்கும்வரை, அந்த இரண்டு பேரையும் அங்கே தனியாக நிறுத்தியவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

உங்கள் வீட்டு முதியவரைச் சேர்க்கும்போது அறை வாடகையைக் கேட்பதுபோலவே கேளுங்கள்: ராத்திரி இந்த வார்டில் எத்தனை நர்ஸ்? பதிலை எழுதி வாங்குங்கள். நர்ஸ்கள் சாலையில் உட்கார்ந்தால் நோயாளியின் வீட்டாராக நீங்களும் போய் அருகில் உட்காருங்கள். ஒரு நர்ஸ் இழிவாகப் பேசினால் அந்த இடத்திலேயே மரியாதையாக, உறுதியாகக் கேளுங்கள். இவை ஒன்றுக்கொன்று முரண் இல்லை. உங்கள் வீட்டு ஆண்களையும் கட்டிலின் கால்மாட்டிலிருந்து தலைமாட்டுக்கு நகரச் சொல்லுங்கள்.

கடைசியாகச் சொன்னது தானாக நடக்காது என்பதும் எனக்குத் தெரியும். அத்தை வீட்டுக்கு வந்தபின் வாக்கர் பிடித்து நாலடி நடப்பார், மற்றபடி படுக்கைதான். பகலுக்கும் இரவுக்கும் இரண்டு பெண்களைச் சம்பளத்துக்கு வைத்தோம், வாரம் ஒருநாள் விடுமுறையோடு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து பஸ் நின்றதும் இருவராலும் வர முடியவில்லை. கடை அடைத்துக் கிடந்த அண்ணன் அப்போதுதான் ஒருவரைப் புரட்டக் கற்றுக்கொண்டான். விரிப்பை எப்படிப் பிடிப்பது, முழங்காலுக்கு நடுவே தலையணையை எங்கே வைப்பது, எந்த இடத்துத் தோலை விரலால் அழுத்திப் பார்ப்பது என்று அண்ணி சொல்லிக்கொடுத்தாள். முதல் வாரம் கைநடுக்கம். “அரிசி மூட்டையத் தூக்குற மாதிரி தூக்காதடா” என்று அத்தை அவனைத் திட்டிக்கொண்டே இருந்தார். இரண்டாவது வாரம் செல்போனில் இரண்டு மணிக்கொரு தரம் அலாரம் வைத்துக்கொண்டான். ராத்திரி இரண்டு மணிக்கு அது அடிக்கும், எழுந்து போவான். அடுத்த ஆண்டு ஐப்பசியில் அத்தை இறந்தபோது அவர் முதுகில் ஒரு புண்கூட இல்லை.